கெரெத்தா நிற்கும் இடம்

விகாதி பத்தொன்பது வருடமாக ஜாவாவின் வோனோசாரிப் பள்ளியில் புவியியல் நடத்துகிறாள். மலாக்கா நீரிணையைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்துவிடுவாள், கடந்ததில்லை. இருபத்து மூன்று பிள்ளைகளோடு ஐந்து நாள் கல்விச் சுற்றுலாவாகக் கோலாலம்பூர் வந்ததுதான் முதல் தடவை. அதற்காக வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். கினாசியின் அம்மா மட்டும் மூன்று முறை மறுத்தாள். நாலாம் முறை, "உங்கள நம்பித்தான் விடுறேன் இபு" என்று கையெழுத்துப் போட்டாள். அங்கே டீச்சரை அழைப்பது இபு என்றுதான்.

கடைசி நாள் மதியம், ரயில் நிலையத்தை ஒட்டிய பேரங்காடி வாசலில் தலைகளை எண்ணினால் இருபத்திரண்டு. கினாசியைக் காணவில்லை.

கைபேசியில் அவள் குரல்பதிவு மட்டும் வந்திருந்தது. "இபு, வழி தவறிட்டேன். கெரெத்தா நிக்கிற இடத்துல போய் நில்லு, கூட்டிட்டுப் போவாங்கன்னு காவல்காரர் சொன்னாரு. அங்கேயே நிக்கிறேன், சார்ஜ் இல்ல..."

கெரெத்தா என்றால் ரயில். ஜாவாக்காரிக்கு வேறென்ன? விகாதி நிலையத்துக்கு ஓடினாள். ஆறு நடைமேடை. ஏறி இறங்கி, கழிவறைக் கதவுகளைக்கூடத் தட்டிப் பார்த்தாள். நடுவில் கினாசியின் அம்மா இரண்டு முறை அழைத்தாள். எடுக்கத் துணிவில்லை.

உடன் வந்த ஆசிரியர் சுதர்மோ மூச்சு வாங்க வந்தார். "மூணு மணி இபு. பஸ்ஸ எடுத்தே ஆகணும். விமானம் நமக்காக நிக்காது."

"அவ அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டக் குடுத்துட்டு மத்தவங்களக் கூட்டிட்டுப் போங்க."

பஸ் போனது. நாலு மணிக்கு, பயணச்சீட்டுக் கூண்டுக்காரியிடம் விகாதி கிட்டத்தட்ட அழுதாள். "கெரெத்தா நிக்கிற இடத்துல ஒரு பொண்ணப் பாத்தீங்களா?"

"அது பேரங்காடிக்கு அடியிலதானே இருக்கு? இங்க ஏது அக்கா கெரெத்தா?"

"கேலி பண்ணாதீங்க. இதோ கண்ணு முன்னால நிக்குதே!"

"ஐயோ, இது ட்ரென்! கெரெத்தான்னா..." அவள் காற்றில் கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் காட்டினாள்.

கார். இந்த ஊரில் கெரெத்தா என்றால் கார்.

பேரங்காடியின் அடித்தளத்தில் மூன்று நிலை. வரிசை வரிசையாக, பெயரைக் கத்திக்கொண்டே ஓடினாள். கடைசி நிலையில் ஒரு தூணடியில், அழுது வீங்கிய முகத்தோடு கினாசி எழுந்து நின்றாள்.

"ரயிலே வரல இபு. காரா வந்துச்சு. ஆனா அம்புக்குறி போட்டு கெரெத்தான்னுதான் எழுதியிருந்துச்சு. நகந்தா நீங்க தேடுவீங்கன்னு..."

விகாதி எண்ணெய்க் கறை படிந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பஸ்ஸு?"

"போயிருச்சு."

"விமானம்?"

விகாதி எழுந்தாள். கைபேசியில் அலை இல்லை. சிறுமியின் மணிக்கட்டை இறுகப் பற்றிப் படியேறினாள். வெளிச்சம் வந்ததும் அவள் அம்மாவின் எண்ணை அழுத்தி நீட்டினாள்.

"முதல்ல நீ பேசு. அப்புறம் என்கிட்ட குடு. அவங்க என்ன திட்டினாலும் நான் கேக்கணும்."