மாத்திரை கொடுத்த கை

ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக ஓடியது போதும் என்றிருந்தது. அப்போதுதான் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் உள்ள ஒரு இல்லத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். மனவளர்ச்சி குன்றிய பெரியவர்கள் தங்கியிருக்கும் இடம் அது. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு மாத்திரை கொடுக்கக் கற்றுத்தர வேண்டுமாம்.

"மாத்திரை கொடுக்கறதுக்கு ஒரு பயிற்சியாம்மா?" என்று என் மகள் சிரித்தாள்.

அவள் சிரித்ததில் தப்பில்லை. நானும் வார்டில் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். தட்டை ஏந்திக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவேன். ஆனால் வார்டில் இருப்பவர் "சிஸ்டர், இது எனக்கில்ல" என்று சொல்லிவிடுவார். "காலையிலயே குடுத்துட்டாங்களே" என்பார். "இதப் போட்டா வயிறு எரியுது" என்று புலம்புவார். இந்த இல்லத்தில் இருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அதைச் சொல்ல வாய் இல்லை. அவர்களுக்காக மாத்திரை கொடுப்பவர்தான் கவனிக்க வேண்டும்.

முதல் நாள் வகுப்பில் பெண்களை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆளுக்கொரு சத்து மாத்திரை. ஒருத்தி உட்கார, இன்னொருத்தி நின்றுகொண்டு அவள் தாடையைப் பிடித்து வாயில் திணிக்க வேண்டும். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்கள். இரண்டாவது ஜோடியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. அருப்புக்கோட்டை நெசவுக்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், மாத்திரையைக் கையில் துப்பிவிட்டு, "இப்படியா சிஸ்டர் நாங்க இவுகளுக்குக் குடுத்துக்கிட்டு இருக்கோம்?" என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கே அவளைக் கவனித்துவிட்டேன். இவள் தேறிவிடுவாள் என்று தோன்றியது.

அந்த இல்லத்தில் ஒரு மனிதர் இருந்தார். முப்பதைத் தாண்டிய வயது, நல்ல உயரம், நரைக்கத் தொடங்கிய தாடி. பேச்சு கிடையாது. சந்தோஷம் வந்தால் தொண்டைக்குள் ஒரு சத்தம் போடுவார். சிறு வயதிலிருந்தே வலிப்பு. காலையும் மாலையும் மாத்திரை தவறக் கூடாது. ஆனால் அவர் அம்மா கையைத் தவிர வேறு யார் கையிலும் வாங்க மாட்டார். பல்லைக் கடித்துக்கொள்வார். மீறி உள்ளே போனால் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, நாம் திரும்பியதும் துப்புவார்.

அம்மா பந்தல்குடிக்காரர். தூத்துக்குடி ரோட்டோரத்தில் லாரிக்காரர்களுக்கு இட்லிக் கடை போட்டிருந்தவர். மகன் லாரிகளைப் பார்த்தால் ரோட்டுக்கு ஓடுவாராம். ஒருநாள் பிரேக் போட்ட லாரி அவர் மேல் உரசுகிற மாதிரி வந்து நின்றிருக்கிறது. அதற்கப்புறம்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்தாரே தவிர, விட்டுப்போக முடியவில்லை. காலையில் பஸ் ஏறி அருப்புக்கோட்டை வந்து, அங்கே பஸ் மாறி இங்கே வருவார். மாலை மாத்திரையும் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். பகல் முழுக்க சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டு இருப்பார். கடையை மூடியாகிவிட்டது.

அவர் கொடுப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். மகனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். முதலில் தன் வாயைத் திறந்து "ஆ" என்பார். மகன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தானும் திறப்பார். மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர், பிறகு ஒரு துண்டு கருப்பட்டி. "எங்கய்யா, முழுங்கிட்டியா" என்று தொண்டையைத் தடவிக் கொடுப்பார். அதற்குத்தான் அந்தச் சத்தம் வரும்.

ஒரு மழை நாளில் பஸ் வழியில் நின்றுவிட்டது. அம்மா வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குள் மகனுக்கு வலிப்பு வந்து, குளியலறை வாசலில் விழுந்து புருவம் கிழிந்திருந்தது. தையல் போட்டுக் கூட்டி வந்த பிறகு, அம்மா என்னைத் தனியே அழைத்தார்.

"சிஸ்டர், நீங்க இந்தப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறதப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எம்மகன் வேற ஆளு கையில வாங்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

"பண்ணலாம்க்கா. கொஞ்சம் நாளாகும்."

"எனக்கு முட்டி போச்சு, ஒரு கண்ணு போச்சு. நான் போனப்புறம் இவன் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தான்னா என்ன ஆகும்? நான் இருக்கும்போதே பழகட்டும்."

நெசவுக்காரப் பெண்ணைத்தான் தேர்ந்தெடுத்தேன். முதலில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தாள். பிறகு தண்ணீரை மட்டும் கொடுத்தாள். பிறகு கருப்பட்டியை. அவசரப்பட்டால் தனக்குள் தெலுங்கில் ஏதோ முணுமுணுப்பாள். "அண்ணே, இது உங்க ஃபிட்ஸு மாத்திரை. வெள்ளை மாத்திரை" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவருக்குப் புரிகிறதா என்று நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் கை கீழே இறங்கிவிட வேண்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கலாம்.

ஒருநாள் அம்மா "ஆ" என்று திறக்க, மகனும் திறக்க, மாத்திரையை அந்தப் பெண் வைத்தாள். அவர் திகைத்துப் போனார். ஆனால் விழுங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மாவை நகர்த்த ஆரம்பித்தோம். இது நான் சொல்லிக்கொடுத்த முறைதான், புத்தகங்களிலும் இருக்கிற முறைதான். அம்மாவால் தரையில் உட்கார முடியாமல் போனதால் நாற்காலி போட்டிருந்தோம். முதலில் மகனுக்கு எதிரே. பழகியதும் சற்றுப் பக்கவாட்டில். அப்புறம் ஜன்னலோரம். அப்புறம் கதவுக்கு வெளியே, மகன் தலையைத் திருப்பினால் தெரிகிற மாதிரி. ஒவ்வொரு முறையும் நான்தான் "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கங்கக்கா" என்று சொன்னேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நகர்வார். ஒருநாள் கதவுக்கு வெளியே அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். உள்ளே அந்தப் பெண் "ஆ" என்று சொன்ன நேரத்தில் வெளியே இவரும் வாயைத் திறந்துகொண்டிருந்தார். சத்தமில்லாமல்.

கடைசியில் அவர் வராத ஒரு நாளில் மகன் மாத்திரையை வாங்கி விழுங்கினார். பெண்கள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. உடனே பந்தல்குடிக்குப் போன் போட்டேன்.

"அக்கா, வாங்கிட்டாரு. காலையில மாத்திரை போட்டாச்சு."

அந்தப் பக்கம் லாரி போகிற சத்தம் கேட்டது.

"துப்பலையா?"

"இல்லக்கா."

"என்னயத் தேடலையா?"

"இல்ல" என்றேன். நல்ல சேதி சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

"சரி சிஸ்டர். நல்லது. நல்லாயிருப்பீக."

அதிலிருந்து தினமும் வருவதை நிறுத்தியிருந்த அம்மா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்க வந்தார். புதுச் சேலை கட்டியிருந்தார். மகன் அவரைப் பார்த்ததும் தொண்டைச் சத்தம் போட்டுக்கொண்டு வந்து, எதிரே தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். அம்மாவின் கையில் ஒன்றும் இல்லை. காலை மாத்திரை கொடுத்தாகிவிட்டது, கருப்பட்டி கொண்டு வர வேண்டாம் என்றும் நாங்கள் சொல்லியிருந்தோம். அம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்று மாலை மகன் அந்தப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டார். மறுநாளும் பல்லைக் கடித்துக்கொண்டார். மாதக்கணக்கில் செய்தது ஒரே நாளில் கலைந்துவிடும் போலிருந்தது.

இல்லத்தின் நிர்வாகி நல்ல மனிதர்தான். யோசித்து ஒரு முடிவு சொன்னார். அம்மா மாத்திரை நேரத்தில் வர வேண்டாம், மத்தியானத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மத்தியானத்தில் மகன் தூங்குவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த மாத்திரை போட்டால் அந்த நேரத்துக்குத் தூக்கம் அசத்தும். அம்மா வெயிலில் பஸ் மாறி வருவார். தூங்குகிற மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவார். நகம் வளர்ந்திருந்தால் வெட்டிவிடுவார். எழுப்ப மாட்டார். பஸ்ஸுக்கு நேரமானதும் "வாரேன் தாயி" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு அவர் வருவது குறைந்தது.

ஒரு வேலையாகத் தூத்துக்குடி போய்விட்டுத் திரும்பும்போது பந்தல்குடியில் இறங்கினேன். கடையை மறுபடி திறந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இலை போட்டு இட்லி வைத்தார்.

"கை சும்மா இருந்தா என்னமோ போல இருக்கு சிஸ்டர். அதான் அடுப்பப் பத்த வச்சேன். அவன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்காரு. துப்பறதே இல்ல. உங்களத்தான் ஆளக் காணோம்."

"வந்தா தூங்குதான். முழிச்சா குழம்புவான். எதுக்கு?" சட்னியை ஊற்றினார். "அவன் மறக்கணும்னுதான நாம இம்புட்டும் பண்ணோம்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வேலை முடிந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். அவருடைய ஆசை மகன் வேறு கையிலும் வாங்க வேண்டும் என்பதுதானே தவிர, அவர் கையில் வாங்கக் கூடாது என்பது இல்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஞாயித்துக்கிழமை மாலை மாத்திரைய மட்டும் நீங்க குடுக்கிற மாதிரி பழக்கலாம்க்கா. நான் பேசிப் பாக்கேன்" என்றேன்.

"அவுக சம்மதிச்சா வாரேன்" என்றார். உடனே, "கருப்பட்டி கொண்டாரலாமா?" என்று கேட்டார்.

நிர்வாகியிடம் பேசினேன். மறுக்கவில்லை. இப்போதுதான் நன்றாக நிலைத்திருக்கிறது, வெயில் காலம் போகட்டும், பிறகு மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றார். சரி என்று நானும் விட்டுவிட்டேன். வெயில் முடிவதற்குள் சேதி வந்துவிட்டது. அடுப்புப் பக்கத்திலேயே நெஞ்சு அடைத்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

நான் அப்போது மகள் வீட்டில் மதுரையில் இருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகனைக் கூட்டிப்போகவில்லை. சொந்தக்காரர்கள், கொட்டுச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் பயந்து வலிப்பு வந்துவிடும், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மாவின் தம்பி மகன் ஒருவன் கொள்ளி வைத்திருக்கிறான்.

"அன்னைக்குச் சாயங்காலமும் மாத்திரைய ஒழுங்கா வாங்கிக்கிட்டாரு சிஸ்டர்" என்று நெசவுக்காரப் பெண் சொன்னாள். அதைச் சொல்லும்போதே அழுதாள். "அவருகிட்ட யாருமே சொல்லல. நானும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வெள்ளை மாத்திரை என்று தினமும் சொல்லிக் காட்டுகிறோம். இதைச் சொல்லவில்லை.

அவளும் நானுமாக அவருக்கு எதிரே உட்கார்ந்தோம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, உங்க அம்மா செத்துப் போனாங்க. இனி வர மாட்டாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தை. அவள் அழுவதைப் பார்த்து அவள் கன்னத்தில் விரலை வைத்து ஈரத்தைத் தொட்டார். எழுந்து போய் வராந்தாவில் அவருடைய வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது துக்கமா, வெயிலா, எங்கள் முகங்களைப் பார்த்ததாலா என்று என்னால் சொல்ல முடியாது. இப்போதும் நன்றாக இருக்கிறார். வலிப்பு வந்து வெகுநாளாகிறது. எந்தப் பெண் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறார். அந்த அம்மா கேட்டது அதுதான், அது நடந்துவிட்டது. என்றாலும் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் என் மனசு நல்லபடி இருப்பதில்லை.

இப்போது புதிதாக வருகிற பெண்களுக்கு நான் கூடுதலாக ஒன்று சொல்கிறேன். வீட்டாரில் யாராவது கொடுத்துப் பழகியிருந்தால், அவருக்கென்று ஒரு வேளையை விட்டுவையுங்கள். அவரை நகர்த்தினாலும் முழுக்க வெளியே அனுப்பாதீர்கள். நிர்வாகியும் ஒப்புக்கொண்டார்.

வீரசோழனிலிருந்து ஒரு பாய் வருகிறார். அவர் மகள் இந்த இல்லத்தில்தான் தங்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலை மாத்திரை அவர் பொறுப்பு. போன வாரம் நேரமாகியும் ஆளைக் காணவில்லை. பரளச்சியிலிருந்து வருகிற புதுப் பெண் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள்.

"சிஸ்டர், நானே குடுத்துரவா?"

மாத்திரைக்கு டாக்டர் சொன்ன நேரக் கெடு தாண்ட இன்னும் கொஞ்சம் இருந்தது.

"பஸ்ஸு லேட்டா இருக்கும். பொறு" என்றேன்.

அந்த மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றாள். நாங்களும் அவள் பக்கத்தில் போய் நின்றோம்.