நூற்றாண்டுத் தட்டின் அடிப்பக்கம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். இது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பட்டப்பகலில் நடந்தது.

ஊருக்கு நூறு வயதானதைக் கொண்டாட விழாக் குழு ஒரு பீங்கான் தட்டு வெளியிட்டது. நடுவில் மணிக்கூண்டு, சுற்றிலும் பாலம், ஆலை, நகராட்சிக் கட்டடம். எலும்புச் சாம்பல் கலந்த உசத்திப் பீங்கான். குழுச் செயலாளர் என் மனைவியின் தம்பி.

"எலும்புகூட நம்ம ஊருதான் மாமா! பழைய இறைச்சிக் கூடத்துக் குழியைத் தோண்டி லாரியில அனுப்பினோம்" என்று எங்களுக்கும் ஒரு தட்டைக் கொடுத்துப் பீற்றிக்கொண்டான். அப்போதே அதைப் பரண்மேல் போடப் பார்த்தேன்.

ஆனால் காய்ச்சலில் துரும்பாகி, எதைக் கொடுத்தாலும் துப்பிய என் ஆறு வயது மகள், அந்தத் தட்டில் வைத்தால் மட்டும் சாப்பிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாள் சும்மா இருந்தேன்.

ஞாயிறு மதியம் 1.10. ரொட்டி வைத்தேன். தட்டின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ பிசுக்கு. துடைத்தேன்.

1.14. மறுபடி கசிந்தது... முடி கருகிய நாற்றம். சீ! தொட்டால் வெதுவெதுப்பு வேறு.

"கொடும்மா, வேற தட்டுல தர்றேன்."

"வேணாம்ப்பா. அப்புறம் அவரு எப்படிச் சாப்பிடுவாரு?"

"எவரு?"

அவள் தட்டைத் தட்டிக் காட்டினாள்.

1.17. சளக்... சளக்...

யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லும் சத்தம்.

மகளின் வாய் மூடியிருந்தது.

ரொட்டியைத் தூக்கினேன். கொழகொழவென்று எச்சில் நூலாக நீண்டது. ரொட்டியின் அடியில் பல் பதிந்திருந்தது.

ஒரே வரிசை. மேல்வரிசை மட்டும்.

தட்டைத் தரையில் ஓங்கி அடித்தேன்.

சத்தம் நின்றது.

அப்புறம் தொட்டியருகே நின்று, குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மச்சினன் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. கையில் காகிதப் பொட்டலம்.

"பீங்கான் ஆலைக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க மாமா. ரெண்டாவது சுமையைப் பிரிக்கும்போது கிடைச்சுதாம்."

பிரித்தேன். ஒரு கீழ்த்தாடை. கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைப்பு.

"மாட்டுக்கு எவன்டா பல்லை அடைப்பான்?" என்றேன். "மேல்தாடை எங்கே?"

"முதல் சுமையோட எரிச்சு அரைச்சிட்டாங்க. அதுலதான்... நம்ம தட்டெல்லாம்."

நானூறு தட்டுகள். எல்லாம் விற்றுப்போயிருந்தன.

மகள் எட்டிப் பார்த்தாள். பயமே இல்லை. சந்தோஷமாகக் கேட்டாள்:

"இனிமே அவரால நல்லா மெல்ல முடியுமாப்பா?"