நான் நடிக்கவில்லை என்பதை அவன் காட்டினான்

சகோதரிகளே, அல்லாஹ்வின் சாந்தி உங்கள் எல்லோர்மீதும் உண்டாவதாக.

கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கினால் இடது கை சோர்ந்து விழுந்துவிடும். என் சோதனை அப்படித்தான் தொடங்கியது. போன வருஷம், ரமலான் முடிந்த வாரம். நோன்பு இருந்த களைப்பு என்று நினைத்தேன். பிறகு கழுத்தோரம் வலித்தது. ஒருநாள் அடுப்படியிலேயே மயங்கி விழுந்தேன்.

என் கணவர் சங்ககிரியில் லாரி பட்டறை வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் அவரேதான் டாக்டர்களிடம் அழைத்துப் போனார். இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே வந்தன. சரி என்று வர வர அவர் முகம் இறுகியது. உடம்பு வளையாமல் நடிக்கிறேன் என்று மாமியார் சொன்னார். கணவர் மறுக்கவில்லை.

என் தங்கை சபீனாவும் அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளிடம் மட்டும் மனசைத் திறந்தேன். ஒருநாள் வலி தாங்காமல், இப்படி இருப்பதற்கு அல்லாஹ் என்னை எடுத்துக்கொண்டால் தேவலை என்று அழுதேன். தலையைத் தடவிக் கொடுத்தாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, கணவர் ஜமாஅத் பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். சேலத்திலிருந்து என்னைப் பெற்ற அத்தாவையும் வரச் சொல்லியிருந்தார். எதற்கென்று தெரியாமல் எல்லோருக்கும் நானே டீ போட்டுக் கொடுத்தேன். எனக்குப் புத்தி சரியில்லை, எங்கள் ஆறு வயது மகள் ஆயிஷாவை என்னிடம் விடப் பயமாக இருக்கிறது என்றார் கணவர். சபீனாவும் வந்திருந்தாள். பெரியவர் அவளைக் கேட்டார்.

"ஆமாங்க. சாகோணும்னு அக்கா எங்கிட்டயே சொல்லுச்சுங்க. அந்த நோவெல்லாம் நெசமில்லீங்க."

என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு என் கணவரின் பட்டறையில்தான் வேலை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அன்றே அத்தா என்னைச் சேலத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். ஆயிஷாவை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் விரல்களைப் பிரித்தது என் கணவர்.

அதன் பிறகு குணம் தா என்று நான் கேட்கவே இல்லை. யா அல்லாஹ், நான் பொய் சொல்லவில்லை என்று காட்டு, அது போதும் என்றே கேட்டேன். பதில் வரவில்லை. சில நாள் கையேந்தவே பிடிக்காது. அவனும் என்னை நம்பவில்லையோ என்று தோன்றும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெண் டாக்டரிடம் அத்தா கூட்டிப் போனார். அவர் என் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தார். இடது கையில் நாடி கிடைக்கவில்லை. இத்தனை நாளாக இரண்டு கையிலும் யாரும் பிரஷர் பார்க்கவில்லையா என்று கேட்டார். கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே இதய டாக்டர்களும் மூட்டுவாத டாக்டர்களும், வேதியியலும் இயற்பியலும் படித்தவர்களும் சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். எனக்குப் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மற்ற ஸ்கேன் ரத்தக்குழாயின் வடிவத்தைக் காட்டும். இது அதன் சுவரில் உள்ள செல்கள் என்ன செய்கின்றன என்று காட்டும் என்றார்கள். கொஞ்சம் கதிர்வீச்சு சேர்த்த சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அழற்சி உள்ள இடம் அதை அதிகமாக இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். ஊசி போட்டபின் பேசாமல், அசையாமல் படுத்திருக்க வேண்டும். உதட்டை அசைக்காமல் மனசுக்குள் அதே துஆவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய், கழுத்துக்குப் போவது, இடது கைக்குப் போவது, எல்லாம் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"இத வச்சுக்கிட்டு வலிக்காம எப்படிங்கம்மா இருக்கும்?" என்றார்.

டக்காயாசு என்று அந்த நோய்க்குப் பெயர். பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருமாம். கவனிக்காமல் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். நான் சிரித்தேன். அழுதேன். அத்தா பயந்துபோய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரும் பேசாத இடத்தில் என் இறைவன், என் ரப்பு, எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டான்.

மாத்திரையில் முகம் ஊதியது. ஆனால் மயக்கம் நின்றது, வலி குறைந்தது. விஷயம் தெரிந்ததும் ஜமாஅத் பெரியவரே ஆயிஷாவைக் கூட்டி வந்து விட்டார். "தப்பு நடந்துபோச்சு தாயி, பொறுத்துக்கோணும்" என்றார். பிறகு கணவர் வந்தார். ரிப்போர்ட்டெல்லாம் சரியென்று வந்தால் தான் என்ன செய்ய முடியும் என்றார்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க" என்றேன். அவரோடு போகவில்லை. ஆயிஷாவும் நானும் அத்தா வீட்டில்தான் இருக்கிறோம்.

சபீனா போன் செய்கிறாள். நான் எடுப்பதில்லை. மன்னிப்பவருக்குப் பெரிய கூலி உண்டு என்று பயான் சொற்பொழிவில் கேட்கும்போதெல்லாம் தலை குனிந்துகொள்கிறேன். என்னால் இன்னும் முடியவில்லை. அதை உங்களிடமும் மறைக்கவில்லை, அவனிடமும் மறைக்கவில்லை.

உங்களை யாருமே நம்பாத நாள் வந்தால், சகோதரிகளே, அவனிடம் போய்ச் சொல்லுங்கள். அழகான வார்த்தைகள் வேண்டாம். உங்களுக்கு வாயில் வருவதைச் சொல்லுங்கள். அவன் கேட்கிறான். தங்கையை மன்னிக்கும் மனசைத் தா என்று நேற்றுதான் முதல்முறையாக நானும் கேட்டேன். எனக்காக ஆமீன் சொல்லுங்கள்.