ஒரே நாளில் இரண்டை மாற்றாதவள்

கட்டட வரைபட அலுவலகத்தில் அவளை முகத்துக்கு நேரே எல்லோரும் 'அக்கா' என்பார்கள், வயதில் மூத்தவர்கள்கூட. முதுகுக்குப் பின்னால் 'ஒண்ணொண்ணா'. அத்தனை பேருடைய வரைபடங்களும் தங்கியிருக்கும் சர்வர் அவள் பொறுப்பு. அது முரண்டு பிடித்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவாள். வீட்டிலும் அதே கதை. மகள் தும்மினால் முதலில் தலையணை உறையை மட்டும் மாற்றிவிட்டுப் பார்ப்பாள். போர்வையின் முறை அப்புறம்தான்.

"என்னைக் கட்டிக்கிட்டப்ப மட்டும் வீடு, ஊரு, வேலை எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனியே?" என்று சீண்டுவார் கணவர்.

"அதான் இன்னிக்கு வரைக்கும் எதுல கோளாறுன்னே பிடிபடல."

சர்வருக்குப் புது மெஷினும் புது ஆபரேட்டிங் சிஸ்டமும் வந்து இறங்கின. "ரெண்டையும் ஞாயித்துக்கிழமையே முடிச்சிடும்மா" என்றார் முதலாளி.

"வேண்டாம் சார். முதல்ல பழைய மெஷின்ல புது சிஸ்டம். அடுத்த வாரம் புது மெஷின். சேர்த்து மாத்தி ஏதாவது இழுத்துச்சுன்னா, யாரைப் பிடிச்சுக் கேக்குறது?"

"உன் இஷ்டம். ஆனா வேகம் கூடலைன்னா, வெளியில ஒரு கம்பெனி மொத்தப் பராமரிப்பையும் எடுத்துக்கறேங்குது. சொல்லிட்டேன்."

அவள் நாற்காலியைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. "சரி சார்" என்று வேலையைப் பார்க்கப் போனாள்.

புது சிஸ்டம் ஏறியதும் வேகம் குறைந்தது. பாதுகாப்புக்காக ஒவ்வொரு துண்டுத் தகவலையும் அது முத்திரை பார்த்துத்தான் வெளியே அனுப்பியது. பழைய மெஷினுக்கு மூச்சு வாங்கியது. பெரிய படம் திறக்கும் இடைவெளியில் எழுந்து நின்று இடுப்பை நெட்டி முறிப்பது 'நெட்டை' என்கிற மூத்த வரைவாளரின் வழக்கம். இப்போது அவர் ஜன்னல் வரை போய்த் திரும்பினார்.

"அக்கா, ஒரு படம் திறக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்."

"நரைச்சதுக்குத்தான் சாயம் பூசியிருக்கீங்க. அந்தப் பழியை என் சர்வர் மேல போடாதீங்க."

அவளுக்குக் கவலையில்லை. போன வேகம் எங்கே போனதென்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் புது மெஷின் வந்து உட்கார்ந்தது. வேகம் பழைய நிலைக்குத் திரும்பியது. அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை.

முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார். "இவ்வளவு பாடுபட்டு, கிளம்பின இடத்துக்கே வந்து நிக்கிறோமா? அந்தக் கம்பெனியை நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார்."

போய்ப் பார்த்தாள். புது மெஷின் வேலையே இல்லாமல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. தன் லேப்டாப்பை நேராக அதில் செருகி, இருப்பதிலேயே பெரிய படத்தைத் திறந்தாள். கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது. அதே படத்தை வரைவாளர்கள் உட்காரும் கூடத்து நெட்வொர்க் வயர் வழியாகத் திறந்தால் நகர்ந்து நகர்ந்து வந்தது. நடுவில் மிச்சமிருந்தது ஒன்றுதான்: கூடத்து வயர்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி. பரண் மேல், ஒட்டடைக்குள், ஒரே ஒரு பச்சைக் கண்ணோடு விழித்துக்கொண்டிருந்தது. சைக்கிள் போன வரை அந்தச் சந்தின் குறுகல் யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது புது மெஷின் என்கிற லாரி வந்து நிற்கிறது.

"யாரு வச்ச பெட்டி இது?" என்றார் முதலாளி.

"நான்தான் சார். வச்சப்ப இது போதும். இப்பப் போதாது."

அவர் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "ரெண்டையும் சேர்த்து மாத்தியிருந்தா?"

"எதுல கோளாறுன்னு தெரியாம, புது சிஸ்டத்தைத் திட்டிக்கிட்டே உக்காந்திருப்போம்."

பக்கத்துத் தெருக் கடையிலிருந்து புது ஸ்விட்ச் வந்தது. அவளே ஏணி போட்டு ஏறி மாட்டினாள். நெட்டை தன் பெரிய படத்தைத் தட்டிவிட்டு, வழக்கம்போல இடுப்பில் கை வைத்து எழுந்தார். பாதி எழுவதற்குள் திரை நிறைந்துவிட்டது. நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் வளைந்தபடி நின்றார்.

அறைக்குள் முதலாளி போனில், "இல்லீங்க, வர வேண்டாம். எங்க ஆளே பாத்துக்கறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இனிமே என் இடுப்பு வலிக்கு யாரு பொறுப்பு?" என்றார் நெட்டை.

"முதல்ல நாற்காலியை மாத்துங்க" என்றாள் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டே. "அதை மட்டும்."