மணி அடிக்காத நோயாளி

பனி உறையத் தொடங்குவதற்கு முன்பே எங்கள் அவசரப் பிரிவு குளிர்காலத்துக்கு ஆயத்தமாகிவிடும். அங்கே நான் கட்டில் தள்ளுபவன். அன்றன்று நடந்ததை, வீடு இருக்கும் ஸ்டோவ்னருக்குத் திரும்பும் ரயிலில் நேரம் குறித்து எழுதிவைப்பது என் பழக்கம்.

அக்டோபர் கடைசிச் செவ்வாய், காலை 10.10: ஒத்திகை.

காய்ச்சல்காரரும் வழுக்கி விழுந்தவர்களும் ஒரே வாரத்தில் வந்து குவிந்தால் அறைகள் நிரம்பிவிடும். பிறகு நடைவழியில்தான் கட்டில். அதற்குத் திட்டம் வகுத்த தாதி இந்தக் குளிர்நாட்டிலேயே பிறந்தவர், பெற்றோர் யாழ்ப்பாணம். எழுதிய திட்டத்தை அவர் அப்படியே நம்புவதில்லை. எங்களையே நோயாளிகளாகக் கிடத்திப் பார்ப்பார். எனக்குக் கிடைத்தது வயிற்றுவலி. வலி கூடுவதாக நடித்து, அழைப்பு மணியை அடிக்க வேண்டும்.

11.35க்கு என்னிடம் வந்தார்.

"மாமா, ஏன் மணி அடிக்கேல்லை?"

"நீங்கள் எல்லாரும் ஓடித் திரிஞ்சீங்கள் பிள்ளை. ஆறுதலா அடிப்பம் எண்டு கிடந்தனான்."

"வயிறு வெடிச்சு இவ்வளவு நேரத்துக்குக் கதை முடிஞ்சிருக்கும். நல்ல மரியாதையான சாவு."

சிரித்தவர் உடனே அடங்கிவிட்டார். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இப்படித்தான் கிடப்பார்கள் என்றார். அவருடைய திட்டம் முழுவதும் அந்த மணியை நம்பியிருந்தது. மூன்று மணிக்குள் மேலிடத்தில் கொடுக்க வேண்டியதை மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு மாற்றி எழுதினார். நடைவழிக்கென்றே ஒரு தாதி. அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்டிலுக்கும் போக வேண்டும். சுகமா என்று கேட்கக் கூடாது. அதற்கு எல்லோரும் பரவாயில்லை என்பார்கள். காலையில் செய்ய முடிந்த எது இப்போது முடியவில்லை என்று கேட்க வேண்டும். அப்படிச் சுற்ற ஆள் இல்லை என்றது மேலிடம். மேசை வேலையைப் பின்னேரத்துக்குத் தள்ளிவிட்டு, பகலில் தானே சுற்றுவதாகச் சொல்லி ஒப்புதல் வாங்கினார்.

ஜனவரியில், மழை விழுந்து உறைந்த ஒரு வியாழக்கிழமை. ஸ்டோவ்னருக்குப் பக்கத்து வெஸ்ட்லியிலிருந்து வந்த தமிழ் அம்மா ஒருவர், வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டுக்காக நடைவழியில் காத்திருந்தார். தலை அடிபடவில்லை என்றே சொல்லியிருந்தார். 12.35க்குத் தாதி கேட்டபோது ஒன்றுமில்லை என்றார். 1.05க்கு மறுபடியும் அதே கேள்வி.

"சுவெட்டர் பொத்தான் போட ஏலாமல் கிடக்கு. குளிருக்குக் கை விறைச்சிட்டுது போலை."

"எந்தக் கை அம்மா?"

"முறியாத கை."

1.15க்குக் கட்டிலை ஸ்கேன் அறைக்குத் தள்ளினேன். தாதி முன்னால் ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்தார். தலைக்குள் இரத்தம் கசிந்திருந்தது; கை விறைத்தது குளிரால் அல்ல. 2.20க்கு அறுவை சிகிச்சை.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். எழுந்து நடக்கிறார் என்று வார்டிலிருந்து செய்தி வந்த அன்று, நான் குறித்துவைத்த நேரங்களைத் தாதியிடம் பெருமையோடு காட்டினேன். 12.35க்கும் 1.05க்கும் இடையில் விரலை வைத்தார்.

"இந்த அரை மணித்தியாலம் கூடிப்போச்சு, மாமா."

மறுநாளிலிருந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றினார்.