வேகம் கூடுகிற நேரம்

என் கணவரின் உடம்பில் வருத்தம் வந்திருப்பதை முதலில் காட்டித் தந்தது அவருடைய மோட்டார் சைக்கிள்தான். ஒரு காலையில் கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் அதை ஸ்டார்ட் செய்துவிட்டு, கியர் போடுவதற்காகக் கிளச்சை அமத்தினார். விரல்கள் லீவரைச் சுற்றி வளைந்தன. லீவர் அசையவில்லை. கேபிள் இறுகிவிட்டது என்று சொல்லி, அதைக் கழற்றி எண்ணெய் விட்டார். பிறகு புதுக் கேபிள் வாங்கிப் போட்டார். நான் உள்ளே அபாயா அங்கி தைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தபோது அவர் வண்டிக்கு முன்னால் நின்று அதே லீவரை வலது கையால் அமத்திப் பார்த்தார். லேசாக உள்ளே போனது. இடது கையால் அமத்தினார். போகவில்லை. அதன் பிறகு கேபிளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்து அவர்தான் என் வீட்டுக்கு வந்தார். வரும்போது இரண்டு சூட்கேசும் அந்த மோட்டார் சைக்கிளும் கொண்டுவந்தார். வேறொருவர் பாவித்த ஜப்பான் வண்டி, நாலு சிலிண்டர். அவருக்கு அலுமினியம் ஜன்னல், கதவு பொருத்தும் தொழில், சொந்தக் கடை. ஏணியும் சட்டங்களும் ஏற்றிக்கொண்டு போக வேறு வாகனம் இருந்தது. மோட்டார் சைக்கிளை வேலைக்கு எடுக்கமாட்டார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, அதைத் துடைத்து, காரைதீவுச் சந்தியால் திரும்பி மாவடிப்பள்ளிக்கு அப்பால் வயல்வெளிக்குள் போகும் வீதிக்குப் போவார். பொழுதுபட்டுத் தொழும் மஃரிபுக்குள் திரும்பிவிடுவார். வந்து இறங்கும்போது அவர் முகம் குளித்துவிட்டு வந்தவரின் முகம்போல் இருக்கும்.

கல்யாணம் முடித்த புதிதில் என்னையும் ஒருநாள் அங்கே கூட்டிப்போனார். வயல் தொடங்கும் இடம்வரை மெதுவாக, ஆறுதலாகத்தான் போனார். பிறகு, "இறுக்கிப் பிடி" என்றார். அடுத்த நொடி என் வயிறு எனக்குப் பின்னால் எங்கோ நின்றுவிட்டது. காற்று கன்னத்தைப் பிடித்து இழுத்தது. நான் அவர் முதுகில் முகத்தைப் புதைத்து, தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதினேன். நிறுத்தியதும் கீழே இறங்கி, இனி என்னை இப்படிக் கூட்டிவர வேண்டாம் என்று அழுதேன். அவருக்குச் சிரிப்பு. இவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்டேன்.

"வேகம் இல்ல புள்ள விசயம். வேகம் பஸ்லயும் இரிக்கி," என்றார். "கூடுதே, அந்தக் கூடுற நேரம். அதுதான் விசயம். கூடி முடிஞ்சா மறுகா அதுவும் சும்மா ஓட்டம்தான்."

எனக்கு அது விளங்கவில்லை. பிறகு எப்போது அவரோடு ஏறினாலும் தோளில் தட்டி மெதுவாகப் போகச் சொல்வேன். அவரும் மெதுவாகவே போவார். எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. வீட்டில் நானும் அவரும் என் உம்மாவும் மட்டும். உம்மாவுக்கு அந்த வண்டியின் சத்தம் பிடிக்காது. ஆனால் மருமகனைப் பிடிக்கும். அதனால் அவர் கிளம்பும்போது உம்மா உள்ளே போய்விடுவார்.

இடது கைக்குப் பிறகு வலது கை. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கடையில் ஸ்குரூட்ரைவர் கையிலிருந்து விழுந்தது. கண்டியில் ஒரு பெரிய டொக்டரிடம் காட்டினோம். அவர் ஊசிகளைக் குத்தி, வயர்களைப் பொருத்தி, நெடுநேரம் சோதித்தார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்து, தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் வருத்தம் இது என்று சொன்னார். கை, கால், கழுத்து, நாக்கு, கடைசியில் மூச்சு. அறிவுக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் விளங்கிக்கொண்டே இருக்கும் என்றார். மருந்து இருக்கிறதா என்று நான் கேட்டேன். சுகப்படுத்துகிற மருந்து இல்லை என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க என் கணவர் பஸ் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மஹியங்கனை வளைவுகளில் பஸ் சாய்ந்தபோது அவருடைய கைகள் மடியில் கிடந்து அங்குமிங்கும் ஆடின.

கடையை அவருடைய நானா, மூத்த சகோதரர், எடுத்து நடத்தினார். கணவர் வீட்டில் நாற்காலியில் இருந்தார். நான் தைக்கும் மேசைக்கு எதிரே அவர் நாற்காலி. போனை ஒரு ஸ்டாண்டில் வைத்துக் கொடுப்பேன். அவர் பார்த்ததெல்லாம் ஒரே வகை வீடியோக்கள். ஏதோ பாலைவன நாட்டு வீதிகளில் தாழ்வான கார்கள் நிற்கும். கொடி அசையும். கார் பாய்ந்துவிடும். உள்ளே இருப்பவரின் தலை சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான். ஒன்று முடிய அடுத்தது. என் தையல் மெசினின் சத்தமும் அந்த எஞ்சின்களின் சத்தமும் சேர்ந்து வீடு முழுக்க நிறைந்திருக்கும். உம்மா இப்போது உள்ளே போவதில்லை.

ஒருநாள் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்களை மூடிக்கொண்டார். நிறுத்தவா என்று கேட்டேன். அப்போது அவருடைய பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. எனக்கும் உம்மாவுக்கும் மட்டும் நன்றாக விளங்கும்.

"பாத்து ஒண்டும் வருதில்ல," என்றார். "என்ன ஒருக்கா ஏத்திட்டுப் போகச் சொல்லு."

யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவருடைய நானா வந்தபோது கேட்டேன். எனக்கு மச்சான் முறையான அவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. "உழுந்தா ஆரு பதில் சொல்லுற? இரிக்கிற கொஞ்சத்தையும் றோட்டுல விடவா?" என்று கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் என் கணவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

எனக்கு ஸ்கூட்டர் ஓடத் தெரியும். கல்முனை பஸாருக்குத் துணி எடுக்கப் போவது அதில்தான். கிளச்சும் கியரும் தெரியாது. அதை அவரே சொல்லித்தந்தார். முற்றத்தில் அவரை நாற்காலியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறுவேன். கால் நுனிதான் நிலத்தில் படும். அவர் சொல்லும் குழறிய வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு விரல்களை மெல்ல விடுவேன். வண்டி குதித்து நிற்கும். திரும்பவும் ஸ்டார்ட் செய்வேன். கொஞ்சம் பிடிபட்ட பிறகு விடியற்காலை சுபஹோடு கடற்கரை வீதியில் ஓடிப் பழகினேன். வலை காயப்போடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் ஸ்கூட்டர் ஓடுவது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. இந்த வண்டி புதினம். நான் முகத்தை மூடியிருந்தேன், ஆனால் வண்டியை வைத்து ஆளை எல்லாருக்கும் தெரியும்.

அவரைக் கட்டி ஏற்றுவதற்கு அபாயாத் துணியை மடித்து, உள்ளே பள்ளிக்கூடப் பைக்குப் போடும் தடித்த நாடாவை வைத்து, இரண்டு பட்டி தைத்தேன். ஒன்று இருவரின் இடுப்பையும் சுற்ற. மற்றது அவர் தோள்களுக்கு மேலால் வந்து என் நெஞ்சில் பூட்ட. கழுத்துக்கு ஆஸ்பத்திரியில் தந்த பஞ்சுப் பட்டி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தைத் தெரிவு செய்தோம். அந்த நேரம் கடைகளுக்கு ஷட்டர் விழுந்திருக்கும். ஆண்கள் பள்ளிவாசலில் இருப்பார்கள். வீதி வெறிச்சோடிக் கிடக்கும். இவரை மச்சான் முன்பு பள்ளிக்குத் தூக்கிப்போவார். உட்கார வைத்தால் சரிந்துவிடத் தொடங்கிய பிறகு அதுவும் நின்றுபோயிற்று. உம்மாவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். தடுப்பார் என்று பயந்தேன். தடுக்கவில்லை. நானும் உம்மாவும் சேர்ந்து அவருக்கு ஹெல்மட் போட்டு, அவரைத் தூக்கிப் பின் சீட்டில் ஏற்றினோம். நானும் ஹெல்மட் போட்டு முன்னால் ஏறினேன். உம்மா ஸலவாத் சொல்லிக்கொண்டே பட்டியைப் பூட்டினார். அவருடைய பாதங்கள் வழுக்காமல் இருக்க, பழைய டியூப் ரப்பரால் மிதியோடு சேர்த்துச் சுற்றிவிட்டார்.

சாய்ந்தமருதைக் கடக்கும்போது பள்ளி ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டது. காரைதீவுச் சந்தியில் திரும்பினேன். அது இந்துக்களின் ஊர், அங்கே கடைகள் திறந்திருந்தன. சிலர் பார்த்தார்கள். மாவடிப்பள்ளி தாண்டியதும் இரண்டு பக்கமும் கதிர் வெளிவராத குடலைப் பருவத்து நெல் வயல். வீதி நேராகக் கிடந்தது. அவருடைய தலை என் தோளில் சாய்ந்திருந்தது. "இனி" என்றார், அல்லது அப்படித்தான் எனக்குக் கேட்டது.

இரண்டாவது கியரில் அக்சிலரேட்டரைத் திருகினேன். முதலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மீற்றர் முள் பாதியைத் தாண்டியது. சத்தம் மாறியது. அதுவரை முனகிக்கொண்டிருந்த எஞ்சின் வாய் திறந்து கத்தியது. வண்டி எனக்கடியில் நீண்டது போல இருந்தது. முன்னால் இருந்து யாரோ என்னைப் பிடித்து இழுத்தார்கள். அந்த இழுவை ஒரே அளவில் இல்லை. இழுத்த இழுவைக்கு மேல் இன்னும் இழுத்தது, அதற்கு மேலும் இழுத்தது. கியர் மாற்றினேன். திரும்பவும் அதே இழுவை. என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. கண்டி டொக்டர், கை, கால், மூச்சு எல்லாம் பின்னால் போய்விட்டன. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஹெல்மட்டுக்குள் என் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. அவர் அத்தனை வருடமும் அஸருக்குப் பிறகு எதைத் தேடி இங்கே வந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

பிறகு என் முதுகில் ஏதோ அடித்தது. அவருடைய தலை. கழுத்துப் பட்டி தாங்காமல், ஹெல்மட்டோடு தலை என் முதுகில் மோதி மோதி விழுந்துகொண்டிருந்தது. உடல் ஒரு பக்கம் சரிந்து பட்டி என்னை இழுத்தது. மெல்ல மெல்லக் குறைத்தேன். ஒரு மதகுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நிறுத்தினேனே தவிர, அவரின் பாரத்தோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலவில்லை. வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்த ஒருவர் கண்டுவிட்டு ஓடிவந்தார். வீரமுனையைச் சேர்ந்தவர். கேள்வி ஒன்றும் கேட்காமல் வண்டியைப் பிடித்தார். இருவருமாகப் பட்டியை அவிழ்த்து, என் கணவரை இறக்கி மதகுக் கட்டில் சாய்த்து வைத்தோம். ஹெல்மட்டைக் கழற்றினேன். உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. அந்த மனிதர் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

என் கணவர் மூச்சு வாங்கி முடியும்வரை பொறுத்திருந்தேன்.

"எனக்கு ஒண்டும் வரல்ல," என்றார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "பயம்தான் வந்திச்சு. எப்ப நிப்பாட்டுவாய் எண்டுதான் கிடந்தன்."

நான் அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"உனக்கு வந்திச்சு, என்ன?"

இல்லை என்று சொல்ல நினைத்தேன்.

"ஓம்," என்றேன்.

அவர் பார்வையை வயல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தன்னுடைய ஏதோ ஒன்றை வேறொருவர் கையில் கண்டுவிட்டு, அதைத் திருப்பிக் கேட்க வழியில்லாதவரைப் போல இருந்தார்.

திரும்பவும் வண்டியில் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. வீரமுனைக்காரர் தன் ஊரிலிருந்து ஒரு முச்சக்கர வண்டியை வரவழைத்தார். அவரும் கூட ஏறி, என் கணவரைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தேன். முச்சக்கர வண்டியின் பின்பக்கக் கண்ணாடிக்குள் அவர் தலை ஆடிக்கொண்டே போனது தெரிந்தது. சாய்ந்தமருதுக்கு வந்தபோது ஜும்ஆ முடிந்து ஆட்கள் வீதிக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் பார்த்தார்கள்.

ஊர் பலதும் கதைத்தது. மச்சான் வந்து முற்றத்திலேயே நின்று ஏசிவிட்டுப் போனார். சில கிழமை வரவில்லை. பிறகு வந்தார். இவரைத் தூக்கிக் குளிப்பாட்ட எனக்கும் உம்மாவுக்கும் ஏலாது என்பது அவருக்குத் தெரியும்.

என் கணவர் அதன் பிறகு வீடியோ கேட்கவில்லை. கொஞ்ச நாளில் கேட்பதற்குப் பேச்சும் இல்லாமல் போயிற்று. இப்போது ஓம் என்றால் கண்ணை ஒரு தரம் மூடுவார். இல்லையென்றால் மேலே பார்ப்பார். சாப்பாடு குழாய் வழியாக. மோட்டார் சைக்கிளை விற்றுவிடுவோமா என்று மச்சான் கேட்டபோது நான் இவரிடம் கேட்டேன். கண்ணை மூடினார். திறக்கவில்லை. அது ஓம்தானா, அல்லது அந்தக் கதையே வேண்டாம் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்கத் தைரியம் வரவில்லை. வண்டி தறப்பாளுக்குக் கீழே நிற்கிறது. கடல் காற்றில் செயின் துருப்பிடித்துவிட்டது.

துணி எடுக்க ஸ்கூட்டரில் போகும்போது, வீதி வெறுமையாக இருந்தால் சில வேளை முழுதாகத் திருகிப் பார்ப்பேன். ஸ்கூட்டர் கொஞ்சம் இரையும், அவ்வளவுதான். அந்த இழுவை எப்படி இருந்தது, கியர் மாறும்போது என்ன நடந்தது, ஏன் சிரிப்பு வந்தது என்றெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கும். கேட்டால் விளங்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் என் மேசைக்கு எதிரே, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவரிடம்தான் அதைச் சொல்ல முடியாது.

போன கிழமை டொக்டர் வீட்டுக்கு வந்து அவர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். மூச்சு இறங்கிக்கொண்டு வருகிறது என்று வாசலில் வைத்து என்னிடம் சொன்னார். இனி என்ன செய்வது என்று கேட்டேன். தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னார். உள்ளே போய் உயர்த்தி வைத்தேன். உம்மா பக்கத்திலிருந்து, கடைசி நேரத்துக்கென்று ஓதும் யாஸீனை ஓதிக்கொண்டிருந்தார். வெட்டிவைத்த துணி மேசையில் கிடந்தது. போய் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினேன்.