நேர்முகம் முடிவதற்குள் முளைத்த முடி

எல்ல என்ற மலையூரில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு மனு கொடுத்தபோது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. அம்மாதான் எண்ணெய் வைத்துச் சீவி, பண்டாரவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்க வைத்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது அம்மா இல்லை. பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. கொள்ளி வைத்த மகன் நான், தலை மொட்டை.

மானேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"தம்பி, இதில இருக்கிறது உம்மட அண்ணாவோ?"

"நான்தாங்க சேர். அம்மா தவறிட்டாங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அடுத்த கிழமை வாரும்" என்றார். அவ்வளவுதான் முதல் நேர்முகம்.

இந்த வேலை இல்லையென்றால் நான் கொழும்பில் கடை வேலைக்குத்தான் போக வேண்டும். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து அறையில், அப்பா தனியாகிவிடுவார். அதை அவர் சொல்லமாட்டார். என் மண்டையைத் தடவி, "கவ்வாத்து வெட்டுன தேயிலடா நீ. துளிர்க்கிறதுக்குள்ள வேல கெடச்சிரும்" என்றார்.

துளிர்த்துவிட்டது. வேலைதான் வரவில்லை. இரண்டாம் தடவை கட்டிலுக்கு விரிப்புப் போடச் சொன்னார்கள். நான் செருகிய செருகில் மானேஜர் இழுத்தும் அது வரவில்லை.

"இதுக்குள்ள வெள்ளைக்காரன் எப்பிடி ஐசே நுழையிறது?"

மூன்றாம் தடவை, என்னைப் பார்க்க வேண்டிய ஹோட்டல் முதலாளி கொழும்பிலிருந்து வரவேயில்லை. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். நான்காம் தடவை வந்தார், இங்கிலீசில் கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எல்லாவற்றுக்கும் 'யெஸ் சேர்' போட்டேன்.

வெளியே வந்ததும் மானேஜர் கேட்டார்: "கலியாணம் முடிச்சிட்டீரோ எண்டதுக்கும் யெஸ் எண்டீர். மனிசி எங்க?"

ஒவ்வொரு தடவையும் முதலில் படத்தையும் என் தலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். "இன்னும் ஒரு விரல் வளரோணும்" என்பார். நானும் சிரிப்பேன். பஸ்ஸில் திரும்பும்போது தலையைத் தடவுவேன். முடி வளர வளர அம்மா போய் அத்தனை நாளாகிறது என்று தோன்றும். வளராமலே இருந்தால் என்ன என்றும் தோன்றும்.

ஐந்தாம் தடவை, "திங்கக்கிழமை வேலைக்கு வாரும்" என்றார். "பேர் அட்டைக்குப் புதுப்படம் ஒண்டு எடுத்துக்கொண்டு வாரும்."

"பழசே போதுங்க சேர்."

"ஏன்?"

"அது அம்மா சீவி விட்ட தல."

அவர் கோப்பிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றி அட்டையில் ஒட்டச் சொன்னார்.

அட்டையை அப்பாவிடம் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பரவால்ல" என்றார். "அவ சீவுனது கலையல."